பதினான்காம் பக்கத்துப் படம்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்தப் புகைப்படம் பாமாவின் போனுக்கு வந்தது. பதினொரு மணிக்கு வகுப்பு. நடுவில் இருந்த மூன்றரை மணி நேரத்தில் முப்பத்து மூன்று வருடங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

பாமாவை இன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. வயது ஐம்பத்து நான்கு. கணவர் இறந்து ஏழு வருடமாகிறது. ஒரே மகள் ஓசூரில் குடும்பமாக இருக்கிறாள். பாமா ஒக்கலிபுரத்தில் அண்ணன் ஷங்கரின் வீட்டு மாடியில், ஒற்றை அறையில். பீன்யாவில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக பேனல் போர்டுகளுக்கு வயரிங் செய்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. பர்மிட் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தால்தான் சூப்பர்வைசர் ஆக முடியும் என்று முதலாளி சொன்ன பிறகு, ஆனேக்கல் மமதா தொடங்கிய இணைய வகுப்பில் சேர்ந்தாள்.

வாத்தியார் இல்லாத வகுப்பு அது. மொத்தம் ஏழு பேர். எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் கிடைக்கும் இலவசப் பாடங்களை எடுத்து, ஆளுக்கு ஒன்றாகத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதை ஆறு பேர் திருத்துவார்கள். முடிந்ததும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று மறுபடியும் பொதுவில் போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

அதில்தான் வினை வந்தது.

போன மாதம் அண்ணன் பீரோவில் பழைய புத்தகம் ஒன்று பாமாவுக்குக் கிடைத்தது. மெழுகுத் தாளில் கீறி நகலெடுக்கும் சைக்ளோஸ்டைலில் எடுத்த நாற்பது பக்கம். ‘எளிய மின்சாரம். ஆக்கம்: எஸ். ஷங்கர்.’ தொழிலாளிக்குத் தொழிலாளி சொல்வதுபோன்ற தமிழ். அதைத் தட்டச்சு செய்து, படங்களைப் போனில் எடுத்துச் சேர்த்து, வகுப்பின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். அண்ணனிடம் கேட்கவில்லை. பிறகு காட்டினால் சந்தோஷப்படுவார் என்று எண்ணம்.

வியாழக்கிழமை அதன் கீழே க்ளென் ஒரு குறிப்பு எழுதியிருந்தான். லிங்கராஜபுரத்துப் பையன், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் எலக்ட்ரீஷியன், வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான். ‘14ஆம் பக்கத்துப் படம் தப்பு. எங்க டாடி சொல்றார். அவர்கிட்ட ஒரிஜினல் இருக்கு.’

உங்க டாடி பெயர் என்ன என்று பாமா கேட்டாள். பதில் வந்தது: டிரேவர் டேனியல்ஸ்.

அந்தப் பெயரோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

இப்போது க்ளென் அனுப்பிய புகைப்படத்தில் பழுப்பேறிய ஒரு சைக்ளோஸ்டைல் தாள் இருந்தது. மூன்று காயில் சுற்றுகள், ஆறு முனைகள், மோட்டாருக்கான ஸ்டார்-டெல்டா இணைப்பு. கோடுகள் ஒவ்வொன்றும் அளந்து வைத்தமாதிரி. வலது மூலையில் பொடி எழுத்தில் ‘டி.டி.’

பாமா போனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். படம் டிரேவருடையது. ஆனால் எழுத்து அவளுடையது. அந்த இரண்டு ‘டி’யையும் மெழுகுத் தாளில் எழுத்தாணியால் கீறியது அவள்தான்.

*

அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. ஒக்கலிபுரத்து நற்பணி மன்ற அறையில் ஞாயிறுதோறும் மின்வேலை வகுப்பு. பீன்யாவில் வேலை செய்கிற பதினைந்து இருபது பேர் வருவார்கள். வாசலில் செருப்புகள் குவிந்துகிடக்கும். பக்கத்துச் சிட்டி ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் பாடம் நின்று, முடிந்ததும் தொடரும்.

ஷங்கர் தமிழில் எழுதுவார். அவரோடு வேலை பார்த்த டிரேவர் பென்சிலால் படம் போடுவான். இரண்டையும் ஸ்டென்சில் என்கிற மெழுகுத் தாளில் ஏற்றுவது பாமா. ‘ழு’வுக்குச் சுழி இழுத்தால் தாள் கிழிந்துவிடும். தப்பு வந்தால் சிவப்புத் திரவம் தடவி, ஊதிக் காயவைத்து, மேலே எழுத வேண்டும். நகப்பூச்சு வாசனை அடிக்கும். டிரேவர் நீல நிற லூனா மொபெட்டில் வருவான். கையில் காகிதப் பொட்டலத்தில் சூடாகக் காரா பன் இருக்கும். முதல் பன் ஸ்டென்சில் எழுதுகிறவளுக்கு என்று அவனே ஒரு சட்டம் போட்டிருந்தான்.

எல்லோரும் அவனை டிரேவரண்ணா என்பார்கள். பாமா மட்டும் எந்தப் பெயரும் சொல்லாமல் பேசப் பழகியிருந்தாள்.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிறு. எல்லோரும் போன பிறகு அவள் கை மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிரேவர் வாசலில் நின்று கேட்டான். “லால்பாக்ல ஃப்ளவர் ஷோ போட்டிருக்காங்க. அடுத்த வாரம் போலாமா?”

அவள் பதில் சொல்லவில்லை. துடைத்த துணியைக்கூட மடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க ஒரு பதிலைத் தயார் செய்தாள். சரி என்ற பதில்தான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். “வேற எடத்துல வேல கெடச்சிடுச்சாம்” என்று அண்ணன் சொன்னார். ஏப்ரலில் பாமாவுக்குக் கல்யாணம். புத்தகம் அச்சாகி வந்ததை அவள் அப்போது பார்க்கவேயில்லை.

தன் மௌனத்தால்தான் அவன் போனான் என்று முப்பத்து மூன்று வருடமாக நம்பியிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் என்ன இருந்தது?

அண்ணனின் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைப் பிரித்தாள். அதே படம். கோடுகள் கொஞ்சம் நடுங்கின. எழுத்து அவளுடையது இல்லை. மூலை வெறுமையாக இருந்தது. ஒன்பது படங்களையும் புரட்டினாள். ஒன்பது மூலைகளும் வெறுமையாகத்தான் இருந்தன. போன மாதம் படமெடுத்த அவசரத்தில் இதை அவள் கவனிக்கவில்லை.

*

கீழே அண்ணி ஸ்வர்ணா அரிசி மாவில் அக்கி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஷங்கர் பேப்பரோடு நாற்காலியில் இருந்தார். அறுபத்திரண்டு வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் இன்னும் அவர் பெயர் மாஸ்டர்தான்.

“அண்ணா, உன் புக்க நெட்ல போட்டிருக்கேன்” என்றாள் பாமா.

பேப்பர் இறங்கியது. “எந்த புக்கு?”

“எளிய மின்சாரம்.”

“யாரக் கேட்டுப் போட்ட?”

“கேக்கல. அது தப்புதான்.”

“எடுத்துடு.”

“நூறு பேருக்கு மேல படிக்கறாங்கண்ணா. மூணு வாரத்துல பரீட்சை.”

“எடுத்துடுன்னு சொன்னேன் பாமா. பழைய சமாச்சாரம். அதுல ஆயிரம் தப்பு இருக்கும்.”

“ஆயிரம் இல்ல. ஒண்ணு இருக்கு.” போனை அவர் முன்னால் நீட்டினாள். “டிரேவர் பையன் அனுப்பினான். எங்க வகுப்புலதான் இருக்கான்.”

ஷங்கர் கண்ணாடியைத் தேடவில்லை. தூரத்திலிருந்தே அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

“மூலைல டி.டி.ன்னு எழுதினது நான்” என்றாள் பாமா. “உன் புக்ல அது எங்கண்ணா போச்சு?”

ஸ்வர்ணா அடுப்பை அணைத்தாள். எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“இன்ஸ்ட்ரக்டர் போஸ்ட்டுக்கு ஆள் எடுத்தாங்க” என்றார் ஷங்கர். குரல் பேப்பரைப் பார்த்தே வந்தது. “புக்கு எழுதியிருக்கேன்னு காட்டணும். ஒரு பேரா இருந்தா எடுப்பா இருக்கும்னு தோணுச்சு. ஒரு வாரம் லீவு போட்டு ஒம்போது ஸ்டென்சிலயும் நானே திருப்பி எழுதினேன். எனக்குப் படம் வராது. உனக்குத் தெரியும்.”

“அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அச்சுக்குக் குடுத்த எடத்துல அட்டையப் பாத்துட்டான். ஒண்ணும் கேக்கல. லூனாவ மிதிச்சு ஸ்டார்ட் பண்ணான், போய்ட்டான். அப்பறம் நானும் போய்ப் பாக்கல.”

பாமா சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஆக, அவளால் இல்லை. இத்தனை வருடம் சுமந்தது அவளுடையதே இல்லை. நிம்மதியாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நிம்மதியோடு இன்னொன்றும் வந்தது. ஒரு மனிதன் தன்னை நினைத்து ஊரைவிட்டே ஒதுங்கினான் என்று ஓரத்தில் எங்கோ வைத்திருந்த சிறு பெருமையும் சேர்ந்து போயிற்று. அந்த வயதில் அதை இழப்பது வேறு. இந்த வயதில் இழந்துவிட்டு அண்ணனுக்கு எதிரே முகத்தை நேராக வைத்துக்கொள்வது வேறு.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ணா” என்றாள்.

ஸ்வர்ணா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அவரே சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல். ஷங்கர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

*

பதினொரு மணிக்கு மடிக்கணினியைக் கீழே சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வைஃபை அங்கேதான் நன்றாக எடுக்கும். உட்காரும் முன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு அதற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனேக்கலில் மமதா. பீன்யாவில் தங்கியிருக்கும் அறையிலிருந்து நாகேஷ். இன்னும் மூன்று பேர். கடைசியாக க்ளென். பக்கத்தில் சிவப்புக் கம்பளிச் சட்டையில் ஒரு பெரியவர். உச்சித் தலையில் முடியில்லை, காதோரம் மட்டும் வெள்ளை. தெருவில் எதிரே வந்திருந்தால் பாமா கடந்துபோயிருப்பாள். அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

“குட் மார்னிங். என்ன பாமா, நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேன் டிரேவர்.” அந்தப் பெயரை அவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. “வீட்ல எல்லாரும்?”

“வைஃப் சர்ச்சுக்குப் போயிருக்கா. நான் இவனுக்காக கட் அடிச்சிட்டேன்.”

க்ளென் சிரித்தான். மமதா தொண்டையைச் செருமினாள். “அங்கிள், ஸ்வல்ப, கொஞ்சம் பாடத்துக்குப் போலாமா? பதினாலாம் பக்கம்.”

டிரேவர் தன் தாளைக் கேமராவுக்குப் பிடித்தார். “பாருங்க. டெல்டால மொத காயில் முடியற எடமும் ரெண்டாவது ஆரம்பிக்கற எடமும் சேரணும். ரெண்டாவதோட முடிவு மூணாவதோட ஆரம்பத்துக்கு. மூணாவதோட முடிவு திரும்பி மொதலுக்கு. ஒரு ரவுண்டு. புக்ல ரெண்டாவதோட முடிவும் மூணாவதோட முடிவும் எடம் மாறிப் போச்சு.”

“மாறினா?” என்றான் நாகேஷ்.

பாமா பதில் சொன்னாள். “மூணாவது காயிலோட ரெண்டு முனையும் ஒரே எடத்துக்குப் போயிடும். அதுக்குக் கரண்ட்டே கெடைக்காது. மோட்டார் உறுமும், சூடாகும், எரிஞ்சிடும்.” சொல்லும்போதே அவள் முகம் சுட்டது. இருபத்திரண்டு வருடமாகத் தினம் கையால் சரியாகச் செய்வதைக் காகிதத்தில் தப்பாகப் பார்த்தபோது கண் நம்பிவிட்டது. அண்ணன் புத்தகம் என்று சரிபார்க்கவே தோன்றவில்லை.

நாகேஷ் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தான். “அக்கா, நாளைக்குக் காலைல கம்பெனில ஒரு பத்து ஹெச்பி மோட்டாருக்கு நாந்தான் கனெக்‌ஷன் குடுக்கணும். இந்தப் படத்தத்தான் எழுதி பாக்கெட்ல வெச்சிருக்கேன்.”

பாமாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது. பின்கட்டுக் கதவருகே ஷங்கர் எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று தெரியவில்லை. வந்து தங்கையின் பக்கத்தில், திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

“தம்பி, அந்தச் சீட்ட எடுத்துக் கிழிச்சிப் போடுப்பா” என்றார் நாகேஷிடம். “அந்தப் படம் நான் போட்டது. தப்பு என்னோடது. ஒம்போது படமும் இவரு போட்டத நான் காப்பி அடிச்சது. பேர எடுத்துட்டு என் பேரப் போட்டுக்கிட்டேன்.”

டிரேவர் திரைக்கு அருகே குனிந்தார்.

“என்ன மேன் ஷங்கர்,” என்றார், “உனக்கு மட்டும் இவ்வளவு முடி எப்படி மிச்சம் இருக்கு?”

ஷங்கரால் சிரிக்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஸ்வர்ணா தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேமராவில் விழாமல் தள்ளி நின்றாள்.

பாமா ஆவணத்தைத் திறந்து பழைய படத்தை நீக்கினாள். க்ளென் புதிய படத்தைச் சேர்த்தான். நாகேஷ் ஒவ்வொரு முனையாக உரக்கப் படித்துச் சரிபார்த்தான். மமதா கன்னடப் பக்கத்திலும் மாற்றினாள். யார், எந்த நிமிடத்தில், எதை மாற்றினார்கள் என்று ஓரத்தில் வரிசையாகப் பெயர்கள் ஏறின. ஷங்கர் அந்த வரிசையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“இது எப்பவும் இருக்குமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இருக்கும். யாரு பேரையும் யாரும் எடுக்க முடியாது” என்றாள் பாமா. குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அது குத்தியிருக்கும்.

“அப்ப ஆக்கம்னு இருக்கற எடத்துல யாரு யாரு பேரு போடட்டும்?” என்றாள் மமதா.

“மூணு பேரு” என்றார் டிரேவர். “பாடம் ஷங்கர். படம் நான். எழுத்து பாமா.”

“நான் பாத்துத்தானே எழுதினேன்” என்றாள் பாமா.

“எர்த்திங் பாடத்துல, ஈரத் துணி காயப்போடற கொடிக்கம்பில ஷாக் அடிக்கறத யாரு சேத்தது? ஷங்கரா? அவன் எந்தக் காலத்துல துணி காயப்போட்டான்?”

உண்மைதான். ஸ்டென்சிலில் ஏற்றும்போது பாடம் புரியாத இடங்களில் தன் வீட்டு உதாரணங்களை நுழைத்துக்கொண்டே போயிருந்தாள். யாரும் கவனித்ததில்லை என்று நினைத்திருந்தாள்.

மமதா தட்டச்சு செய்தாள். மூன்று பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அந்த ஒக்கலிபுரத்து அறையில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்த மூன்று பேர். மன்றம் இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். மூன்று பேரும் மறுபடி ஒரு தாளில் சேர்ந்திருந்தார்கள். பாமா அந்தப் பெயர்களை இன்னொரு தடவை படித்தாள்.

“இன்னொண்ணு” என்றார் டிரேவர். “ரெண்டாவது பாகம் எங்கிட்ட இருக்கு. மோட்டார் ரீவைண்டிங் முழுக்க. நான் பாட்டுக்கு எழுதி வெச்சது. இந்தப் பசங்களுக்கு ஆவும். போட்டுக்குங்க. ஆனா முன்னுரை ஷங்கர் எழுதணும்.”

“எழுதறேன்” என்றார் ஷங்கர் உடனே.

“வணக்கம், நன்றின்னு இல்ல மேன். என் பேர ஏன் எடுத்தன்னு எழுதணும்.”

“அதான், இன்ஸ்ட்ரக்டர் போஸ்ட்டுக்கு…”

“சும்மா சொல்லாத. அந்த அப்ளிகேஷன் ஃபாரத்த வாங்கியாந்து குடுத்ததே நான். கேட்டிருந்தா உன் பேரு மட்டும் போட்டுக்கன்னு நானே சொல்லியிருப்பேன். அது உனக்கும் தெரியும். அப்பறம் ஏன்?”

கேள்வி கோபமாக இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மனிதனின் குரல். ஷங்கர் தலை குனிந்திருந்தது. ஸ்வர்ணா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

“அவசரமில்ல” என்றார் டிரேவர். “யோசிச்சு எழுது. நான் எங்க போகப் போறேன்.”

*

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. பாமா மாடிக்கு வந்து படுத்தாள். தூக்கம் வரவில்லை.

நாலு மணிக்கு ஸ்வர்ணா டீயோடு ஏறிவந்தாள். “உங்க அண்ணன் உன் கம்ப்யூட்டர் பொட்டி முன்னாடி ஒக்காந்து ஒரு மணி நேரமாவுது. எழுதறாரு, அழிக்கறாரு.”

“அண்ணி, உங்களுக்குத் தெரியுமா? ஏன்னு?”

“அவரு சொல்லணும் பாமா. நான் சொன்னா நல்லாருக்காது.” டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பாமா போனில் ஆவணத்தைத் திறந்தாள். இரண்டாம் பாகத்துக்கென்று மமதா ஒரு புதுப் பக்கம் தொடங்கியிருந்தாள். மேலே ‘முன்னுரை’. கீழே நீல நிறத்தில், எழுதுகிறவர் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது. அதன் தலையில், மமதா அவருக்கெனத் திறந்துகொடுத்த கணக்கில், அண்ணன் பெயர்.

எழுத்துகள் ஒற்றை விரலால் தட்டுகிற வேகத்தில் வந்தன. ‘இந்த நூலின் முதற்பாகத்தை நான் மட்டும் எழுதவில்லை.’

அந்த வரிக்குக் கீழே சட்டென்று இன்னொரு கோடு தோன்றியது, பச்சை நிறத்தில். க்ளென் பெயர். க்ளெனா, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேறொருவரா? எதுவும் எழுதாமல் பச்சைக் கோடு அங்கேயே காத்திருந்தது.

நீலக் கோடு மறுபடி நகர்ந்தது. ‘டிரேவரின் பெயரை நீக்கியதற்கு வேலை காரணமில்லை. அப்போது என் தங்கை பாமா’

கோடு அங்கேயே நின்றுவிட்டது.

பாமா போனைக் கட்டிலில் வைத்தாள். டீயைத் தொடவில்லை. அந்த லால்பாக் அழைப்பு அண்ணனுக்குத் தெரிந்திருந்ததா என்று அவர் வாயாலேயே கேட்க, எழுந்து மாடிப்படியில் வேகமாக இறங்கத் தொடங்கினாள்.